தேனெஷ் நின்ற இடம்

ஹலோம்வார், 14 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால், அதற்கே நன்றி. அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் உங்களைப் பார்த்ததுதான் கடைசி. அன்றும் நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்ல எனக்கு ஏது வாய்?

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் கூட்ஸ் யார்டை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்டவாளங்களைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. வேகன்களை ஏற்றித் தள்ளிவிடும் மேடு இருந்ததே, அதையும் வெட்டி நெடுஞ்சாலைக்கு மண்ணாகக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது போய்ப் பார்த்தால் முள்ளுக்காடு.

நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லாம் ஓய்வு பெற்றவர்கள், பழைய பள்ளிக்கூடத்தின் நிலவறையில் மாதிரி ரயில் மன்றம் நடத்துகிறோம். "பல்லு போன வயசுல பொம்மை விளையாட்டு" என்று வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நம் யார்டை அப்படியே சின்னதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஆள் பாதித் தீக்குச்சி உயரம்தான் இருப்பான். ஆனால் லைன் பிரிக்கிற ஒரு பாயின்ட், ஒரு விளக்குக் கம்பம், ஒரு சாம்பல் குழி விடுபடக் கூடாது என்று வைராக்கியம். வசந்தத்தில் ஊர் மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போகிறோம்.

கட்டுவது 1971 இலையுதிர் காலத்து யார்டு. எங்களிடம் இருக்கும் புகைப்படங்கள் முக்கால்வாசி அந்த வருஷத்தவை. கேபினின் உட்புறமும் ஒலிபெருக்கிகளும்தான் சரியாகத் தெரியவில்லை. மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த வேகன் எந்த லைனுக்கு என்று அறிவித்தவர் நீங்கள். உங்களைத் தவிர வேறு யாரைக் கேட்பேன்? ஸ்பீக்கர்களுக்கு என்ன நிறம், கம்பங்கள் எங்கெங்கே நின்றன, கேபின் ஜன்னலில் திரை இருந்ததா? ஞாபகம் இருப்பதை எழுதினால் போதும்.

இல்திகோவுக்கு என் அன்பு. அவளுக்கு என்னை ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை.

உங்கள் கொழுந்தன்,
வில்மோஷ்

*

செகெத், 29 செப்டம்பர் 1998

வில்மோஷுக்கு,

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. பிழைத்தாய்.

நீ என்ன ஆள்? எத்தனையோ வருஷம் இருக்க, உனக்கு 1971 இலையுதிர் காலம்தான் கிடைத்ததா? அக்டோபரில் மேட்டுக்குக் கீழே, ஏழாம் லைன் அடியில், உருண்டு வரும் சக்கரத்துக்கு இரும்புக் கட்டை போட நின்ற உன் அண்ணன் தேனெஷ் வேகன் அடித்துச் செத்தது உனக்கு மறந்துவிட்டதா, இல்லை அதையும் சின்னதாகப் பண்ணி வைக்கப்போகிறாயா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது உங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. விசாரணையில் என்ன எழுதினார்கள்? "கட்டை போடுபவர் விதிக்கு மாறாகத் தவறான பக்கத்தில் நின்றார்." முடிந்தது கதை. ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே அகலமான பாதை இருக்க, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போய் நின்றாராம். எட்டாம் லைனில் வந்த வேகன் அடித்ததாம். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப்போகிறானா? அதோடு விட்டார்களா? புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கெல்லாம் அதைப் பாடமாக வைத்தார்கள். அந்தச் சந்துக்குப் பெயரே 'தேனெஷ் இடம்' என்று ஆகிவிட்டது. "டேய், தேனெஷ் இடத்துல நிக்காதடா!" யார்டுக்காரன் பிள்ளைகள் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடும்போது இல்திகோவைப் பார்த்துக் கத்துவார்கள். அவளுக்கு ஆறு வயசு. "அம்மா, எங்கப்பா முட்டாளா?" என்று வந்து கேட்டாள்.

நீ? சொந்தத் தம்பி. யார்டு ஆபீஸ் வேலைக்கான பரீட்சையில் உன்னிடமே கேட்டார்களே, "கட்டை போடும் தேனெஷ் ஏன் செத்தார்?" என்று. "தப்பான பக்கத்துல நின்னதால" என்று சொல்லிவிட்டு, பாஸாகி, சாராயப் புட்டியோடு வீட்டுக்கு வந்தாயே. அந்தப் புட்டியைச் சுவரில் அடித்தவள் நான்தான். இன்றைக்கு வந்தாலும் அடிப்பேன்.

உன் பொம்மை யார்டில் அந்தச் சந்தில் ஒரு பொம்மையை ஒட்டினாய் என்றால், ஊர் மொத்தமும் வந்து பார்த்து, "ஆமாம், இங்கதான் நின்னான் அந்த மடையன்" என்று சொல்லிவிட்டுப் போகும். அதை நீ செய்ய மாட்டாய் என்று எழுதிக் கொடு. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பிரோஷ்கா

ஸ்பீக்கர் சாம்பல் நிறம். நீலம் கீலம் அடித்து வைக்காதே.

*

ஹலோம்வார், 6 அக்டோபர் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். அன்று வேறு பதில் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்காது. அம்மாவுக்கு அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. இது சமாதானம் இல்லை, தெரியும்.

ஏன் 1971 என்று கேட்டீர்கள். அதற்கு அடுத்த ஆண்டு லைன்களில் இயந்திர பிரேக் வைத்துவிட்டார்கள். அதன் பின் கையால் கட்டை போடுகிற வேலையே இல்லை. ஆள் ஓடிவந்து தண்டவாளத்தின் மேல் இரும்புக் கட்டையை வைப்பதும், சக்கரம் அதில் ஏறி நெருப்புப் பறக்க வழுக்கி நிற்பதும் கடைசியாக நடந்தது அந்த வருஷத்தில்தான். அண்ணன் செய்த வேலை இல்லாத யார்டைக் கட்டி நான் என்ன செய்ய? வேறு யாருக்கு அது வேண்டுமோ கட்டிக்கொள்ளட்டும்.

அவரை வைக்காமலும் கட்ட முடியாது. ஒவ்வொரு லைன் அடியிலும் ஒரு ஆள் வைத்தாயிற்று. ஏழில் மட்டும் வெற்றிடமாக விட்டால் பார்க்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியாதா?

எழுதிக் கொடுக்கிறேன்: உங்கள் சம்மதம் இல்லாமல் தேனெஷை எங்கும் ஒட்ட மாட்டேன். இப்போது அவர் என் சட்டைப் பையில் ஒரு மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கிறார். நீல மேல்சட்டை, கையில் கட்டை. மீசை வரைய மூன்று தடவை முயன்று பார்த்தேன், சரியாக வரவில்லை.

கேபினையும் ஏழாம் லைனையும் நான் வரைந்த படம் இதோடு இருக்கிறது. தப்பு இருந்தால் அதன் மேலேயே கிறுக்கி அனுப்புங்கள்.

வில்மோஷ்

*

செகெத், 3 நவம்பர் 1998

வில்மோஷுக்கு,

முந்தாநாள் கல்லறைக்கு வந்திருந்தேன். செவ்வந்தி வைத்திருந்தது நீதானே? வெள்ளை வாங்கியிருக்கிறாய், அவருக்கு மஞ்சள்தான் பிடிக்கும். மெழுகுவத்தியாவது காற்றில் அணையாத மாதிரி கண்ணாடிக்குள் வைத்தாயே, அதுவரை சரி. உன் வீட்டுத் தெரு வழியாகத்தான் பஸ் நிலையத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்து நிலவறை ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே வரவில்லை.

உன் படத்தில் கேபின் ஜன்னல் ஒன்று குறைகிறது. மேட்டுப் பக்கம் மூன்று, பக்கவாட்டில் ஒன்று. திரை கிடையாது. வெயிலுக்குச் செய்தித்தாளை ஈரம் பண்ணி ஒட்டுவோம். நான் உட்கார்ந்த நாற்காலியில் பச்சை மெத்தை, என் கையால் தைத்தது. கீழிருந்து யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிடாதே, பச்சை.

ஸ்பீக்கர் கம்பங்கள் எல்லாம் சரிதான், ஏழாம் லைன் அடியில் இருந்த ஒன்றைத் தவிர. அதை நீ போடவே இல்லை. அது அந்த வருஷம் ஜூலையில் வைத்தது. அதுவரை அடியில் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. "ஏழுக்கு ரெண்டு, லோடு. எட்டுக்கு ஒண்ணு, காலி" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன், என்ஜின் சத்தத்தில் காற்றோடு போய்விடும். யார்டு மாஸ்டரிடம் போய் நின்றேன். முதலில் முடியாது என்றார். நான் விடவில்லை. "ஒரு கம்பம் நட உங்களுக்கு வலிக்குதா? கீழ நிக்கிறது உங்க புள்ளையா இருந்தா?" என்று கேட்டேன். அந்த யார்டில் நான் கேட்டு நடந்த ஒரே காரியம் அதுதான். பக்கத்தில் போய் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, எங்களைக் கீழே விட மாட்டார்கள். மாலையில் தேனெஷ் வந்து, "உன் குரல் இப்ப காதுக்குள்ளயே பேசுதுடி. வீட்டுலயும் விடமாட்டேங்கிற, வேலையிலயும் விடமாட்டேங்கிற" என்று சிரிப்பார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஏழுக்கும் எட்டுக்கும் அறிவித்துவிட்டுக் காப்பியை எடுத்தேன். கேபின் போன் அடித்தது. "எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு." யார், என்ன என்று சொல்லவில்லை. மைக்கில் நான்தான் சொன்னேன், "எல்லாம் நிற்கவும். எல்லாம் நிற்கவும்." ஊர் முழுக்கக் கேட்டதாம். அப்போதும் எனக்குத் தெரியாது, நான் யாருக்காக நிறுத்தச் சொல்கிறேன் என்று.

சரி. அவரை ஒட்டிக்கொள். ஆனால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, அகலப் பாதையில், விதிப்படி. அவர் முட்டாள் இல்லை. பதினோரு வருஷம் கட்டை போட்டவர் அந்தச் சந்தில் போய் எதற்கு நிற்கிறார்? விசாரணைக்காரர்கள் எதையோ மறைக்க எழுதினார்கள். நீ சரியான இடத்தில் நிறுத்து. உன் ஊர் ஒரு தடவையாவது அவரை அங்கே பார்க்கட்டும்.

பிரோஷ்கா

*

ஹலோம்வார், 9 டிசம்பர் 1998

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஒரு சிக்கல். நீங்கள் சொன்ன இடத்தில் அண்ணனை நிறுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. பசை பிடிக்காமல் இல்லை, அங்கே ஒரு ஆள் குனிந்து கட்டை வைத்துவிட்டு ஒதுங்க இடமே இல்லை. வேகனை உருட்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் அவரைத் தட்டி விடுகிறது. என் அளவுதான் தப்பு என்று நினைத்துப் பிரித்துக் கட்டினேன். மறுபடியும் அதே.

பிறகு முள்ளுக்காட்டுக்கே போனேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், மண்வெட்டியும் டேப்புமாக இந்தக் குளிரில் இரண்டு முழு நாள். என் முழங்கால் இன்னும் திட்டுகிறது. ஆனால் வேண்டியது கிடைத்தது. அந்த அக்டோபரில் ஏழாம் லைனுக்கு அகலப் பக்கத்திலிருந்து கட்டை போட யாராலும் முடியாது அண்ணி. யாராலும். சந்துப் பக்கம் நின்றுதான் போட்டாக வேண்டும். அண்ணன் மட்டும் இல்லை, ஏழாம் லைனில் நின்ற எல்லாரும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

அண்ணன் மேல் தப்பு இல்லை. இதை உங்களுக்கு எழுத எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மற்ற விவரங்களைப் பிறகு எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்குக் கசகசாச் சுருள் செய்வீர்களா? இங்கே என் கையால் செய்தது செங்கல் மாதிரி வந்திருக்கிறது.

வில்மோஷ்

*

செகெத், 16 டிசம்பர் 1998

வில்மோஷ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "இல்லடி, பொழைச்சுட்டாரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இல்திகோவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எனக்கு ஆறு வயசுல இதை யாராவது சொல்லியிருக்கலாம்ல?" என்று அழுதாள். அவளே இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். இனி யாருடைய பாவம் அது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அங்கே என்ன இருந்தது? யார் வைத்தது? பள்ளமா, குவியலா, எவனாவது சோம்பேறி கொட்டி வைத்துவிட்டுப் போனதா? மற்ற விவரம் பிறகு என்றால் எப்போது? அவனவன் பெயரோடு எழுது. உயிரோடு இருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். செத்திருந்தால் அவன் கல்லறையில் போய்க் காறித் துப்பிவிட்டு வருவேன். உனக்குப் பயமாக இருந்தால் பெயரை மட்டும் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கசகசாச் சுருள் தனிப் பொட்டலத்தில் வருகிறது. புட்டி உடைத்ததற்கு இல்லை. முள்ளுக்காட்டில் போய்த் தோண்டினாயே, அதற்கு.

அண்ணி

*

ஹலோம்வார், 11 ஜனவரி 1999

அன்புள்ள அண்ணிக்கு,

சுருள் வந்தது. மன்றத்துக்காரர்களுக்குக் காட்டாமல் நானே தின்றேன்.

அங்கே இருந்தது சாம்பல் குவியல். என்ஜின் சாம்பலைக் கொட்டி அள்ளாமல் விட்டிருக்கிறார்கள். யார் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. முறைக்கு வந்தவர்கள் ஆளாளுக்குக் கொட்டியிருப்பார்கள், பாதிப் பேர் செத்தும் போயிருப்பார்கள். யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம் அண்ணி. அண்ணன் பெயர் துலங்கிவிட்டது, அது போதாதா? "அந்த இடத்தில் தடை இருந்ததால் எல்லாரும் மறுபக்கம்தான் நின்றார்கள்" என்று கண்காட்சி அட்டையில் பெரிதாக எழுதி வைக்கிறேன். மண்டபத்துக்கு வருகிற பழைய யார்டுக்காரன் ஒவ்வொருத்தனும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

யார்டு முடிந்துவிட்டது. புகைப்படம் அனுப்பியிருக்கிறேன். கேபினில் உங்கள் நாற்காலி பச்சைதான்.

வில்மோஷ்

*

செகெத், 20 ஜனவரி 1999

வில்மோஷுக்கு,

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது.

சாம்பல் குவியலாம்! சாம்பல் வேகன் எந்த லைனுக்குப் போகிறது என்று தினமும் மைக்கில் சொன்னவளிடமே சாம்பல் கதையா? யார்டின் மறுகோடிக்குத்தான் சாம்பல் போகும். ஏழாம் லைன் அடியில் எந்த என்ஜினும் நின்று சாம்பல் கொட்டியதில்லை. போகட்டும், குவியல்தான் என்றே வைத்துக்கொள்வோம். நீ அனுப்பிய புகைப்படத்தில் ஏன் குவியல் இல்லை? ஒரு சாம்பல் குழிகூட விடுபடக் கூடாது என்று எனக்கு எழுதியவன் நீதானே? ஓட்டைத் தகரத் தொட்டியைக்கூட வைத்திருக்கிறாய். கேபின் வாசலில் பூனை ஒன்று படுத்திருக்கிறது. அந்தப் பூனை உண்மையிலேயே இருந்தது.

இல்திகோவின் பெரியவன் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறான். வாங்கி, மேஜை விளக்கின் கீழே படத்தை வைத்துப் பார்த்தேன். எல்லாக் கம்பமும் இருக்கிறது. என் கம்பம் இல்லை.

நான் உனக்கு எழுதினேன், ஜூலையில் வைத்தது என்று. நான் கேட்டு வாங்கியது என்று. நீ அதை மறக்கிற ஆள் இல்லை. பிறகு நான் நெடுநேரம் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். பையன் வந்து, "பாட்டி, கண்ணாடியைக் குடு" என்றான். கொடுத்தேன்.

அன்றைக்கு உன் பரீட்சையில் நீ வேலைக்காக ஒரு பதில் சொன்னாய். இன்றைக்கு யாருக்காக இந்தப் பதில்? எனக்காகவா? வேண்டாம். எனக்கு இரக்கம் வேண்டாம். மண்வெட்டி எடுத்துப் போய்த் தோண்டினாயே, என்ன கிடைத்தது? ஒரே வரியில் எழுது.

பிரோஷ்கா

*

ஹலோம்வார், 27 ஜனவரி 1999

அண்ணி,

கம்பத்தின் கான்கிரீட் அடி கிடைத்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, ஏழாம் லைனை ஒட்டி.

ஒரு வரி கேட்டீர்கள், எழுதிவிட்டேன். மீதியையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கம்பம் சாயாமலிருக்கக் கட்டிய கம்பிக்கும் அங்கேயே முளை அடித்திருக்கிறார்கள். அகலப் பாதை அந்த இடத்தில் அடைபட்டுப் போயிற்று. விபத்து நடந்த வாரமே புதுப் பிரேக்குக்கு அடித்தளம் போட வேண்டும் என்று சொல்லிக் கம்பத்தைக் கழற்றித் தள்ளி நட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விசாரணைக்காரர்கள் அளக்க வந்தார்கள். அவர்கள் பார்த்தது காலிப் பாதையை.

கம்பத்தை எங்கே நடுவது என்று முடிவு செய்தது நீங்கள் இல்லை. நடும்போது ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டுமே என்று யோசிக்காதது நீங்கள் இல்லை. நீங்கள் கேட்டது, ஆட்களுக்குக் கேட்க வேண்டும் என்று மட்டும்தான். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நேரில் வந்து சொல்லச் சொன்னாலும் இன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

நீங்கள் எழுதியதுமே கம்பத்தைச் செய்து, இடம் இருந்த அகலப் பாதையில் வைத்திருந்தேன்; அதனால்தான் அண்ணன் அங்கே நிற்கவில்லை. படம் எடுப்பதற்கு முன்னால் பிடுங்கினேன். என் கையால் நான் செய்த ஒரே திருட்டு வேலை அது. நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் அதை வைத்து உங்களுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை அண்ணி.

கண்காட்சி மார்ச் கடைசி ஞாயிறு. நீங்கள் வேண்டாம் என்றால் அதை அப்படியே நிறுத்திவிடுகிறேன்.

வில்மோஷ்

*

செகெத், 12 மார்ச் 1999

வில்மோஷ்,

பஸ் ஏறாமல் இருந்ததற்கு நன்றி. வந்திருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

இத்தனை நாள் எழுதவில்லை. என்ன எழுத? ஏதாவது சமைத்தால் கருகவிட்டேன். இரவானால் என் குரலே எனக்குக் கேட்டது, "ஏழுக்கு ரெண்டு, எட்டுக்கு ஒண்ணு" என்று. இல்திகோ வந்து ஒரு வாரம் கூட இருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் மேல் தப்பு இல்லை என்று யாராவது ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும் என்று எத்தனை வருஷம் தவம் கிடந்தேன். கேட்டுவிட்டேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முடியாது. பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விடவும் முடியாது. அதனால் கண்காட்சியை நிறுத்தாதே. கம்பத்தை அதன் இடத்தில் நடு. தேனெஷைச் சந்திலேயே ஒட்டு. அட்டையில் "தடை இருந்ததால்" என்று மொட்டையாக எழுதாதே. என்ன தடை, யார் கேட்டு வைத்தது என்று என் பெயரோடு எழுது. அவர் பெயர் அந்தச் சந்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்த மாதிரி, என் பெயர் அந்தக் கம்பத்தோடு கிடக்கட்டும். ஊர் வாயை மூட எனக்கு இனி ஆசை இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. உன் அண்ணனுக்கு இடது காது கேட்காது. விபத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் பனிக்காலத்தில், தண்டவாளத்தில் வைக்கிற எச்சரிக்கை வெடி பக்கத்திலேயே வெடித்து, அன்றோடு போய்விட்டது. வெளியே தெரிந்தால் யார்டில் விட மாட்டார்கள், விளக்குத் துடைக்கிற அறைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த மனுஷன் அங்கே உட்கார்ந்திருப்பாரா? உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. டாக்டர் பின்னால் நின்று எண்களை முணுமுணுத்துக் காதைச் சோதிப்பார் இல்லையா, வருஷா வருஷம் அதே எண்கள்தான். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் மனப்பாடம். எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவார், நல்ல காது என் பக்கம் இருக்க வேண்டும் என்று. கல்யாணமான புதிதில் எடுத்த படத்தில் வலப்பக்கம் இருப்பார், பிற்பாடு எடுத்ததில் எல்லாம் இடப்பக்கம்.

கம்பம் கேட்டது 'ஆட்களுக்கு'க் கேட்க வேண்டும் என்று இல்லை. அவருக்கு ஒருத்தருக்குக் கேட்க வேண்டும் என்று. இதை அட்டையில் போடாதே, இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ அவரைத் தப்பாக ஒட்டியிருப்பாய். மற்றவர்களைப் போல மேட்டைப் பார்த்து நிறுத்தியிருப்பாய். சந்தில் அப்படி நின்றால் செவிட்டுக் காது கம்பத்துப் பக்கம் இருக்கும், நான் சொல்வது ஒன்றும் கேட்காது. என் குரல் வந்ததும் அவர் திரும்பிவிடுவார். மேட்டுக்கு முதுகைக் காட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதைக் கம்பத்துக்குக் கொடுப்பார். சாப்பாட்டு மேஜையில் அந்தத் தலைச் சாய்ப்பை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எட்டாம் லைனில் வருகிற வேகன் அப்போது அவருடைய செவிட்டுப் பக்கம்.

அவரைப் பிடுங்கித் திருப்பி ஒட்டு. கால் உடைந்தாலும் பரவாயில்லை, புதிதாகச் செய். மீசை மெல்லியதுதான், ஓரம் கீழே இறங்கும்.

கண்காட்சி ஞாயிறன்று காலை பஸ்ஸில் வருகிறேன். எனக்கு முன்னால் யாராவது பார்த்துவிட்டு, "என்னப்பா இவரு, வேகன் வர்ற பக்கம் பாக்காம முதுகைக் காட்டிட்டு நிக்கிறாரு?" என்று கேட்டால், பெண்டாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்.

அண்ணி